கல்லூரிப் பிள்ளைகள் பேப்பர் படிப்பது எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில், கடல் காற்று படுகிற தூரத்தில் இருக்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரி நூலகத்தில் செய்தித்தாள் மேசை என் பொறுப்பு. காலையில் ஐந்து பேப்பர் வரும். முத்திரை குத்தி, சாய்வு மேசையில் விரித்து வைப்பேன். உச்சிப்புளி, பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், பெரியபட்டினம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் முதல் வகுப்புக்கு முன்னால் எட்டிப் பார்ப்பார்கள். அதில் பாதிப் பேர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வருடா வருடம் ஆள் மாறுகிறது, கேட்கிற சந்தேகம் மட்டும் மாறவில்லை. அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்வியைக் கொடுத்து, நான் சொல்கிற பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

எல்லாச் செய்தியும் போன்லயே வந்துடுது மேடம். அப்புறம் எதுக்குப் பேப்பர்?

வருகிறது, சரி. ஆனால் உங்கள் போனில் வருவது உங்களுக்கு மட்டும் வருவது. நேற்று நீங்கள் எதைப் பார்த்து நின்றீர்களோ, இன்று அதே மாதிரி இன்னும் பத்து வரும். பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்கு வேறு பத்து வரும். பேப்பர் அப்படியில்லை. மாவட்ட ஆட்சியர் மேசையில் கிடப்பதும், பாம்பனில் மீன் ஏலக்கூடத்துக்கு எதிரே டீக்கடையில் கிடப்பதும், இந்த மேசையில் கிடப்பதும் ஒரே தாள். ஊரில் யாரிடம் பேச வேண்டி வந்தாலும், அவர் காலையில் படித்ததையே நீங்களும் படித்திருப்பீர்கள். மீன்வளத் துறை அலுவலகத்துக்கு அப்பாவோடு போய் நிற்கும் நாளில் இதன் அருமை தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. அச்சான பேப்பரை யாரும் மத்தியானத்துக்கு மேல் மாற்றி எழுத முடியாது. தேதியோடு, பக்க எண்ணோடு அப்படியே இருக்கும். ஒருவர் சொன்ன வாக்குறுதியை இரண்டு வருடம் கழித்து எடுத்துக் காட்ட அதுதான் உதவும்.

எந்தப் பேப்பர் வாங்கறது? தமிழா, இங்கிலீஷா?

முதலில் தமிழ். அதிலும் ராமநாதபுரம் மாவட்டப் பக்கம் உள்ள பதிப்பாக இருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது சென்னை பஸ் நிலையத்தில் வாங்கிய பேப்பரில் நம் மாவட்டப் பக்கம் இருக்காது. நமக்கு வரும் பதிப்புகளில் பெரும்பாலானவை மதுரையில் அச்சாகி இரவோடு இரவாக வேனில் வருகின்றன. தூரத்து ஊருக்கான பதிப்பைச் சீக்கிரம் முடித்து அனுப்பிவிடுவார்கள் என்பதால், இரவு வெகுநேரம் கழித்து நடந்தது அதில் இருக்காது. அதைப் பேப்பரின் குறையாக நினைக்க வேண்டாம்.

தமிழ் ஆறு மாதம் பழகிய பிறகு, வாரம் இரண்டு நாள் இங்கிலீஷ் பேப்பர் எடுங்கள். தமிழில் ஏற்கெனவே படித்த செய்தியையே அதில் தேடிப் படியுங்கள். விஷயம் தெரிந்திருப்பதால் புரியாத வார்த்தையும் தானாகப் பிடிபடும். அகராதியோடு தலையங்கத்தில் போய் முட்டிக்கொண்டு, மூன்றாம் நாளே பேப்பரை மூடி வைத்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

எங்கருந்து ஆரம்பிக்கறது? முதல் பக்கம் முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகுது.

மாவட்டப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். அங்கே வருகிற தெரு, பாலம், கண்மாய், ஆஸ்பத்திரி எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. எழுதியிருப்பது சரியா தவறா என்று உங்களாலேயே சொல்ல முடியும். தெரிந்த இடத்தில் பேப்பரைச் சோதித்துப் பார்த்த பிறகு, தெரியாத இடத்தைப் பற்றி அது சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு கணக்கு கிடைக்கும். அப்புறம் முதல் பக்கத் தலைப்புகள், நடுப்பக்கத்தில் ஒரே ஒரு கட்டுரை. இருபத்தைந்து நிமிடம் போதும்.

தினமும் புதுசு புதுசா வருது. ஒண்ணுமே மனசுல நிக்கல.

எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கப் பார்ப்பதால்தான் நிற்கவில்லை. ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, அது வரும்போதெல்லாம் நோட்டில் தேதி போட்டு இரண்டு வரி எழுதுங்கள்.

பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. பக்கத்தில் புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ராமேஸ்வரம் பிள்ளைகளுக்கு ரயில் மண்டபத்தோடு சரி, மீதித் தூரம் பஸ். 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் சோதித்துப் பார்த்துச் சில குறைகளைச் சொன்னார். 2025 ஏப்ரல் 6-ல் பிரதமர் திறந்து வைத்தார். எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவி ஒருத்தி இதைத் தொடர்ந்து எழுதி வந்தாள். கப்பல் போக 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிற விதம், பழைய பாலத்தில் இரண்டு கைகளாகப் பிரிந்து திறந்த விதத்திலிருந்து எப்படி வேறு என்று அவள் வகுப்பில் படம் போட்டு விளக்கினாள். அவளுக்கு அது எதுவும் மறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேலாக அவள் காலேஜுக்கு வந்து போன வழியல்லவா அது.

எனக்கு டிஎன்பிஎஸ்சி எழுதற ஆசையெல்லாம் இல்லை. நான் எதுக்குப் படிக்கணும்?

பேப்பர் என்றாலே போட்டித் தேர்வு என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. தேர்வுக்குப் படிப்பவர் விருது, நியமனம், திட்டத்தின் பெயர் என்று பொறுக்கிக்கொண்டு போய்விடுவார். அது அவருக்குத் தேவை. ஆனால் தேர்வு முடிந்ததும் பேப்பரையும் விட்டுவிடுவார். நான் சொல்லும் படிப்பு வேறு.

கீழக்கரைப் பக்கமிருந்து வரும் ஒரு பிகாம் பையனுக்கு அண்ணன், மாமா, சாச்சா (சித்தப்பா) எல்லாரும் வளைகுடாவில். அங்கே தொழிலாளர் சட்டம் மாறினால், ரூபாய் மதிப்பு இறங்கினால், மதுரையிலிருந்து விமானம் நின்றால் அவர்கள் வீட்டு அடுப்புவரை அது தெரியும். ஆனாலும் உலகச் செய்திப் பக்கத்தை அவன் திருப்பாமலே இருந்தான். ‘உங்க வீட்டுச் செய்தி அந்தப் பக்கத்துலதான் இருக்கு’ என்று ஒருநாள் காட்டினேன். இப்போது பேப்பர் வந்ததும் முதலில் அந்தப் பக்கத்துக்குத்தான் போகிறான்.

நான் விலங்கியல். என் பாடத்துக்கும் பேப்பருக்கும் என்ன சம்பந்தம்?

‘கடல் அட்டை பறிமுதல்’ என்று நம் மாவட்டப் பக்கத்தில் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்! பாடத்தில் அது முட்தோலி இனம், கடலடி மண்ணை விழுங்கிச் சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்து மண்ணைப் பண்படுத்தும் உயிர். சட்டத்தில் அது 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. யானைக்குள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணை வைத்தும் வளர்க்கலாம். ஒரே கடல், ஒரே உயிர். இங்கே பிடித்தால் ஜெயில், அங்கே பிடித்தால் ஏற்றுமதி. ஏன் கடத்துகிறார்கள் என்பதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. பாடப்புத்தகம் இந்த மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டாது.

பாடம் தெரிந்தவர் படித்தால் பேப்பரில் உள்ள பழைய தகவலும் கண்ணில் படும். 1986-ல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். அதில் இரண்டு எப்போதோ கடலுக்குள் மூழ்கிவிட்டன. இதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுத விலங்கியல் மாணவரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துனா எங்க கரையில உடனே தெரிஞ்சிடும். பேப்பர் மறுநாள்தான் சொல்லுது. பழைய செய்திதானே?

கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதற்குப் பேப்பரைப் பார்க்கவே கூடாது. அதற்கு வானிலை மைய எச்சரிக்கையும் மீன்வளத் துறை டோக்கனும்தான். டோக்கன் இல்லை என்றால் விசைப்படகு போகாது. இதைக் கேட்ட தம்பி தங்கச்சிமடத்துக்காரர். அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் அவரிடமே ஒன்று கேட்டேன்: ‘1-ம் எண் கூண்டுக்கும் 3-ம் எண் கூண்டுக்கும் என்ன வித்தியாசம் தம்பி?’ ‘மூணு பெருசு’ என்றார். ஒன்று, தூரத்தில் நடுக்கடலில் காற்று கிளம்பியிருக்கிறது என்ற தகவல். மூன்று, பலத்த காற்றோடு மழை இந்தத் துறைமுகத்தையே தொடலாம் என்ற எச்சரிக்கை. எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் பெரிய அபாயம். பதினொன்று காற்றைப் பற்றியதே இல்லை, வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். கூண்டு ஏறியது அன்றைக்கே கரைக்குத் தெரியும். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், எத்தனை படகு சேதம், யார் வந்து கணக்கெடுத்தார்கள் என்பதெல்லாம் மறுநாள் பேப்பரில்தான் வரும்.

நிவாரணச் செய்தியை எப்படிப் படிப்பது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயரும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். அன்றைய தலைப்பைப் பார்த்துவிட்டு, பணம் கைக்கு வந்தமாதிரி பேசினார்கள். அறிவிப்பு ஒரு செய்தி, அரசாணை ஒரு செய்தி, வங்கிக் கணக்கில் வரவு வைத்தது இன்னொரு செய்தி. ‘உயர்த்தப்படும்’, ‘உயர்த்தி உத்தரவு’, ‘வழங்கப்பட்டது’ என்று மூன்று வினைச்சொற்கள். எந்த நாளில் எது அச்சானது என்று குறித்து வைத்தால், கரையில் நடக்கும் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

உள்பக்கத்துல பொடி எழுத்துல ஏதேதோ அறிவிப்பு வருதே, அதெல்லாம் யாரு படிப்பா?

நீங்கள்தான். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். ஒரு ஊரில் பெரிய ஆலையோ துறைமுகமோ வருவதற்கு முன், மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்த வேண்டும் என்று 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. அந்தக் கூட்டத்தின் தேதியையும் இடத்தையும் ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் வெளியிட வேண்டும், குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். 2013-ம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டப்படி முதல் அறிவிப்பு இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும், ஒன்று தாய்மொழியில் இருக்க வேண்டும். ஆட்சேபிக்க 60 நாள். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது என்றால் 21 நாள்தான். ‘பேப்பரில் போட்டோமே’ என்று சொல்லிவிட்டால் சட்டம் அவர்கள் பக்கம் நிற்கும்.

எங்கள் வீட்டில் இது நடந்தது. அப்பா வழிப் பங்கில் சாலையோரமாக ஒரு துண்டு நிலம், நான்கு பனை நின்ற இடம். அளவுக்கல் நட ஆள் வந்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பேப்பரில் அறிவிப்பு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த நாள் பேப்பர் எங்கள் வீட்டுக்கும் வந்ததுதான். தேடிப் பார்த்தேன். சமையலறை அலமாரித் தட்டில் விரித்து, மேலே மிளகாய்ப்பொடி டப்பா வைத்திருந்தது. டப்பாவின் வட்டக் கறைக்குப் பக்கத்திலேயே எங்கள் சர்வே எண் இருந்தது. அப்பா ஐந்தாவது வரை படித்தவர். தலைப்பை எழுத்துக் கூட்டிப் படிப்பார், அந்தப் பொடி எழுத்து அவருக்கு ஓடாது. அப்போது நான் இரண்டாம் வருடம் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஓடியிருக்கும்.

இதைப் படிக்க அதிக நேரம் வேண்டாம். மூன்றை மட்டும் தேடுங்கள்: வருவாய்க் கிராமத்தின் பெயர், சர்வே எண், கடைசித் தேதி. நாம் ஊரைக் கூப்பிடும் பெயர் வேறு, பதிவேட்டில் உள்ள வருவாய்க் கிராமப் பெயர் வேறாக இருக்கலாம். ஆகவே வீட்டுப் பட்டாவை எடுத்து அதில் உள்ள பெயரையும் எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் இதைப் படிக்கத் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். அக்கம்பக்கத்து எண்களையும் சேர்த்துப் பாருங்கள்.

மீனவர் கைதுன்னா ஒவ்வொரு பேப்பர்லயும் ஒவ்வொரு மாதிரி போடறாங்க. எதை நம்பறது?

முதலில் வினையைப் பாருங்கள். ‘எல்லை தாண்டி மீன்பிடித்த மீனவர்கள் கைது’ என்று ஒரு பேப்பர். ‘எல்லை தாண்டி மீன்பிடித்ததாக மீனவர்கள் கைது’ என்று இன்னொன்று. நடுவில் இருப்பது ஒரு ‘ஆக’. முதலாவது, தாண்டினார்கள் என்று பேப்பரே தீர்ப்புச் சொல்கிறது. இரண்டாவது, அப்படிச் சொல்லிக் கைது செய்தார்கள் என்று மட்டும் சொல்கிறது. யார் சொன்னது? இலங்கைக் கடற்படையா, கரை திரும்பிய பக்கத்துப் படகுக்காரரா, மீனவர் சங்கத் தலைவரா, மீன்வளத் துறையா? ஒரு மாணவி நான்கு பேப்பரின் நகலை எடுத்து, பேசியவர்களை எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டாள். கடற்படை இருந்தது, சங்கம் இருந்தது, படகு உரிமையாளர் இருந்தார். சம்பளத்துக்குப் படகேறிய ஆள்களின் வீட்டார் ஒரு பேப்பரில்கூட இல்லை. அவளுடைய சித்தப்பா அப்படிப் படகேறுகிறவர்.

அடுத்து, அக்கரைப் பேப்பரையும் படியுங்கள். அதுவும் தமிழ்தான். கொழும்பிலிருந்து 1930 முதல் வரும் வீரகேசரியும் யாழ்ப்பாணத்து உதயனும் இணையத்தில் கிடைக்கின்றன. நாம் ‘விசைப்படகு’ என்பதை அவர்கள் ‘இழுவைமடி’ என்று எழுதுவார்கள். நாம் படகைச் சொல்கிறோம், அவர்கள் வலையைச் சொல்கிறார்கள். கடலடியை வாரிக்கொண்டு போகும் வலைதான் அவர்கள் வழக்கு. யாழ்ப்பாணத்துச் சிறு மீனவரின் வலையும் அதில் அறுந்து போகிறது. இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. 2018-ல் வெளிநாட்டுப் படகுக்கான அபராதத்தையும் கடுமையாக்கியது. நம் பக்கம் பேச்சு 1974-லும் 1976-லும் இலங்கையோடு செய்த கடல் எல்லை ஒப்பந்தங்களிலிருந்தும், 285 ஏக்கர் கச்சத்தீவிலிருந்தும், நூற்றாண்டுகளாக வலை விரித்த கடல் என்பதிலிருந்தும் தொடங்கும்.

இரண்டையும் படித்த பிறகு நீங்கள் எந்தப் பக்கம் நிற்பது என்பது உங்கள் பாடு. நம் மீனவர் ஜெயிலில் கிடந்து, படகு அங்கே நாட்டுடைமையாகி, வட்டிக் கடன் மட்டும் இங்கே நிற்கும்போது எனக்கும் வயிறு எரிகிறது. ஆனாலும் அக்கரையில் வலை அறுந்தவனும் தமிழில்தான் அழுகிறான் என்று தெரிந்துகொண்டு பேசுவதைத்தான் படித்தவரிடம் எதிர்பார்க்கிறேன்.

செய்தி மாதிரியே இருக்கு, ஆனா விளம்பரமோன்னு தோணுது. எப்படிக் கண்டுபிடிக்கறது?

மூலையில் சின்னதாக ‘விளம்பரம்’ என்று இருக்கிறதா பாருங்கள். எழுத்துரு மற்ற செய்திகளிலிருந்து மாறுகிறதா பாருங்கள். ஒரு குறைகூடச் சொல்லாமல், எதிர்த்தரப்பை ஒரு வார்த்தை கேட்காமல், தொலைபேசி எண்ணோடு முடிந்தால் சந்தேகப்படலாம். தேர்தல் நேரத்தில் இரண்டு வேட்பாளரும் ஒரே பக்கத்தில் ‘அமோக வெற்றி பெறுவது உறுதி’ என்று வந்தால் விஷயம் தெரிந்துவிடும். கல்லூரி அட்மிஷன் மாதத்திலும் இதே கவனம் வேண்டும்.

எங்க ஊரைப் பத்தித் தப்பா போட்டுட்டாங்க. ஒண்ணும் செய்ய முடியாதா?

முடியும். பேப்பரின் அடியில் எங்காவது அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயரும் முகவரியும் பொடி எழுத்தில் இருக்கும். 1867-ல் வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்த சட்டத்திலிருந்தே அச்சகத்தார் பெயர் கட்டாயம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. அந்த முகவரிக்கு ஆசிரியர் பெயருக்கு எழுதுங்கள். எந்தத் தேதி, எந்தப் பக்கம், எது தவறு, எது சரி, அதற்கு ஆதாரம் என்ன. அரைப் பக்கம் போதும். கோபத்தை எழுதினால் குப்பைக்குப் போகும், ஆதாரத்தை எழுதினால் பெரும்பாலும் திருத்தம் வரும்.

பதிலே இல்லை என்றால் இந்தியப் பத்திரிகை மன்றம் இருக்கிறது. நாளிதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும், ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் வைக்க வேண்டும். மன்றம் கண்டிக்கலாம், அபராதம் போட அதிகாரம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே போங்கள், பிறகு ஏமாற்றம் இருக்காது.

கலாம் ஐயா சின்ன வயசுல பேப்பர் போட்டாருன்னு சொல்றாங்களே, நெஜமா?

நிஜம். அவரே எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஓடுகிற ரயிலிலிருந்து பேப்பர் கட்டுகளைத் தூக்கி எறிவார்கள். ஊரில் பேப்பர் விநியோகித்தவர் அவருடைய உறவுக்கார அண்ணன் சம்சுதீன். கட்டுகளைப் பிடித்துக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, அந்த வேலை சிறுவன் கலாமுக்குக் கிடைத்தது. அவர் சம்பாதித்த முதல் சம்பளம் அது. அப்போது ராமேஸ்வரத்தில் தினமணிக்குத்தான் கிராக்கி அதிகம்.

இதை எல்லா மேடையிலும் உழைப்புக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது வேறு. போர் எங்கோ ஐரோப்பாவில். அதைப் பற்றி அக்கா கணவர் ஜலாலுதீன் சொன்ன கதைகளை அந்தச் சிறுவன் பிறகு தினமணித் தலைப்புகளில் தேடிப் பார்த்திருக்கிறான். காதால் கேட்டதை அச்சில் ஒத்துப் பார்க்கும் பழக்கம். நான்காவது கேள்வியில் நோட்டுப் போடச் சொன்னதும் இதே பழக்கத்துக்குத்தான்.

டீக்கடையில பசங்க ஓசியில படிச்சுக்கறாங்க. நாங்க எங்க போறது அக்கா?

இதைக் கேட்ட பெண் பெரியபட்டினம். நான் படித்த காலத்திலும் இதுதான் நிலை. அண்ணன் டீக்கடையில் படித்துவிட்டு வந்து வீட்டில் சொல்வதுதான் எனக்குச் செய்தி. அவனுக்குப் பிடிக்காதது எனக்கு வராமலே போயிருக்கும்.

கல்லூரி நூலகம் உங்கள் உரிமை. ஊரில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருக்கும். 1948-ம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் உங்கள் வீட்டில் கட்டுகிறார்கள், ஆகவே தயங்காமல் போய் உட்காருங்கள். நான்கு பேராகச் சேர்ந்து போனால் இரண்டு வாரத்தில் அது பழக்கமாகிவிடும். இல்லையென்றால் மூன்று வீடு சேர்ந்து ஒரு சந்தா போடுங்கள். காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, ராத்திரி ஒரு வீடு. பெரியபட்டினத்தில் அப்படி ஒரு பேப்பர் மூன்று வாசல் ஏறுகிறது.

இ-பேப்பர் படிச்சா கணக்குல வராதா?

வரும். பக்கம் பக்கமாக, அச்சில் உள்ளபடியே புரட்டினால் முழுதாகவே வரும். இணைப்பைத் தட்டி ஒரு செய்தியை மட்டும் படித்தால், முதல் கேள்வியில் சொன்ன அதே சிக்கல்தான்.

கொலை, விபத்து, தற்கொலை. காலங்காத்தால படிச்சா மனசே கெட்டுப் போகுது மேடம்.

எனக்கும் அப்படியான நாட்கள் உண்டு. கடலில் போனவர் திரும்பாத செய்தி வந்த அன்று, மேசைக்கு வரும் பிள்ளைகளில் யார் அந்த ஊர் என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது தவறே இல்லை. எல்லாவற்றையும் படித்தே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஆனால் படித்தால், எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது சட்டம். தற்கொலையை எந்த முறையில் செய்துகொண்டார் என்று விவரிக்கக் கூடாது, பரபரப்பாகத் தலைப்பிடக் கூடாது என்று பத்திரிகை மன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது. பெயர் போடாமல் தெருவையும் கல்லூரியையும் அப்பா தொழிலையும் போட்டால் பெயர் போட்ட மாதிரிதான். அதைப் பார்த்தால் மேலே சொன்ன வழியில் ஆசிரியருக்கு எழுதுங்கள்.

1964 புயலைப் பத்தி ப்ராஜெக்ட் பண்றேன். அன்னைக்கு வந்த பேப்பர் எங்க கிடைக்கும்?

இங்கே கிடைக்காது. நாங்கள் பழைய பேப்பரைச் சில மாதம்தான் வைத்திருப்போம், இடமில்லை. சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகத்துக்குப் போங்கள். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களும் நாளிதழ்களும் ஒரு பிரதி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய தமிழ் இதழ்கள் இருக்கின்றன. போவதற்கு முன் என்ன இருக்கிறது, எப்படிப் பார்க்கலாம் என்று எழுதிக் கேட்டுவிடுங்கள்.

ஒரே நாள் பேப்பரோடு திரும்பி வந்துவிடாதீர்கள். டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி அழிந்து போனது. பாம்பனிலிருந்து போன ரயிலும் அலையில் போனது. தந்திக் கம்பியும் பாலமும் சிதைந்த தீவிலிருந்து தகவல் எப்படி வெளியே வந்திருக்கும் என்று யோசியுங்கள். ரயிலில் இறந்தவர் எண்ணிக்கையே இன்றுவரை இடத்துக்கு இடம் மாறித்தான் எழுதப்படுகிறது. ஆகவே 24-ம் தேதி, 26-ம் தேதி, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று நான்கு நாள் எடுங்கள். எண்ணிக்கை எப்போது மாறுகிறது, யார் சொல்லி மாறுகிறது என்று அட்டவணை போடுங்கள். ஒன்பதாவது கேள்வியில் சொன்ன ‘ஆக’ அந்தப் பக்கங்களில் எங்கெல்லாம் வருகிறது என்றும் பாருங்கள்.

துறைத் தலைவரிடம் கடிதம், கல்லூரி அடையாள அட்டை, இரண்டு பென்சில் எடுத்துப் போங்கள். பழைய தாளுக்குப் பக்கத்தில் பொதுவாகப் பேனாவைத் திறக்க விடமாட்டார்கள்.